புதன்கிழமை இரவுக்கு மேய்ச்சல் கோழி

திருவண்ணாமலையில் கறி சமைக்கும் வீடுகளின் வாரம் காலண்டரைப் பார்த்துத்தான் நகர்கிறது. திங்கள் சிவனுக்கு. செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றும் நாட்கள். வியாழனைக் குருவுக்கென்று விட்டவர்கள் பலர். சனிக்கிழமை பெருமாளுக்கு. பௌர்ணமி வந்தால் ஊரே மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையில் இருக்கும். அமாவாசை முன்னோருக்கு, கிருத்திகையும் பிரதோஷமும் தனிக்கணக்கு. புரட்டாசி முழுவதும் கறிச்சட்டி கவிழ்ந்தே கிடக்கும். கார்த்திகையில் கொடியேறினால் தீபம் முடியும்வரை அப்படித்தான். சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் அது தை பிறக்கும்வரை நீளும். எல்லாம் போக மிஞ்சுவது ஞாயிறும் புதனும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் இருக்கிறது. காலையில் கோழி வாங்கி, மசாலா அரைத்து, ஒரு பக்கம் கேழ்வரகுக் களி கிண்டி, குழம்பு கொதித்து எண்ணெய் பிரியும்வரை காத்திருக்கலாம். சிக்கல் புதன்கிழமைதான். வேலைக்குப் போன கணவனும் மனைவியும் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும், பிள்ளைகள் டியூஷன் முடித்து ஏழரைக்கு வருவார்கள், எட்டு மணிக்குத் தட்டில் சோறோ தோசையோ விழ வேண்டும். அந்த நேரத்துக்குள் நாட்டுக்கோழி வேகாது என்பது பொது நம்பிக்கை. அதனால் புதன்கிழமை என்றால் பிராய்லர். அதற்கும் நேரமில்லை என்றால் தெருமுனை வண்டியில் நூறு கிராம் கணக்கில் பக்கோடா. நாட்டுக்கோழி இந்த ஊரில் சுவையில் தோற்றதில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது தோற்றது அடுப்பு நேரத்தில்.

வெளியில் மேய்ந்து வளர்ந்த கோழியைக் கொண்டு ஒரு குடும்பத்துக்கு வார நாளில் அரை மணி நேரத்தில் சமைக்க முடியுமா? மேற்கு நாடுகளில் இந்தக் கேள்விக்குக் கடைக்காரர்களே விடை கண்டுவிட்டார்கள். புல்வெளியில் வளர்ந்த கோழியின் நெஞ்செலும்பை ஒட்டி இருக்கும் மென்சதையை மட்டும் தனியே எடுத்து, டெண்டர்லாயின் என்று பொட்டலமாக விற்கிறார்கள். நம் பெருநகரங்களின் இணையக் கடைகளிலும் அந்தப் பெயரில் கறி கிடைக்கிறது, பெரும்பாலும் பிராய்லரில் எடுத்தது. நம் ஊருக்கு அந்தப் பொட்டலம் தீர்வாகாது என்பது என் கருத்து. ஆனால் அது காட்டும் உண்மை ஒன்று நமக்கு நேராகப் பயன்படும்: ஒரு கோழி முழுவதும் ஒரே நேரத்தில் வேக வேண்டிய அவசியம் இல்லை. வெட்டும் முறையையும், வெட்டியபின் காத்திருக்கும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் மேய்ச்சல் கோழி புதன்கிழமைக்கும் வந்துவிடும்.

முதலில் பறவையைப் பற்றி. மேய்ச்சல் கோழி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், போளூர் பக்கத்துக் கிராமங்களில் விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் கோழி குப்பைமேடு, வைக்கோல்போர், மாட்டுக்கொட்டகை என்று சுற்றும். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிய கொல்லையில் உதிர்ந்த பருப்பும் மண்ணில் நெளியும் புழுவும் அதற்கு இரை. சாணியும் கோணிச் சாக்கும் போட்ட பழைய பானையைக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடியினர் வீடுகளிலும் சாமைக் கொல்லையைச் சுற்றிக் கோழிகள் மேய்கின்றன. பெருவிடை, சிறுவிடை என்று இரண்டு பெரும் வகைகளைச் சொல்வார்கள். பெருவிடை உயர்ந்த காலும் கனத்த நெஞ்சும் கொண்டது, சண்டைச் சேவல் வழி வந்தது. சிறுவிடை உருவில் சிறியது, நன்றாக அடைகாக்கும், குஞ்சுகளைப் பருந்துக்கு விடாமல் காக்கும். கறிக்குத் தேற ஐந்தாறு மாதம் ஆகும். அப்போதும் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோதான்.

உலகக் கோழிகளின் வரலாற்றில் தென்னிந்தியக் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 863 பறவைகளின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, வீட்டுக்கோழியின் முதல் மூதாதை தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழ்ந்த சிவப்புக் காட்டுக்கோழி என்று காட்டியது. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அந்தப் பறவையிடமிருந்து வரவில்லை, இந்தியத் தீபகற்பத்தின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் மஞ்சள் தோல் கோழியில் நம் பக்கத்துக் காட்டின் சொத்து ஒரு துளி இருக்கிறது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழியைப் பிடிப்பதும் உண்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்கோழிக் கறி என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் திருப்பி அனுப்புவதுதான் சரி.

கிராமத்தில் கோழி விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சுருக்குப்பையில் தங்கும் காசு. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அதிலிருந்து போகும். அந்தக் காசுக்குப் பெரிய எதிரி கோடையில் வரும் வெள்ளைக் கழிச்சல். ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகளை அது துடைத்துவிடும். கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் தடுப்பூசி முகாம் நடத்துவது இதற்காகத்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், ஊசி போடப் பிடிக்க முடியாத புறக்கடைக் கோழிகளுக்காகத் தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையே உருவாக்கியிருக்கிறது. நாட்டுக்கோழி நோயே அறியாதது என்று நகரத்தில் சொல்பவர்கள் ஒரு சித்திரை மாதம் கிராமத்தில் வந்து பார்க்க வேண்டும்.

இனி பிராய்லர். அதைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. நிறைய வீடுகளுக்கு மலிவான புரதம் தந்தது அது. பி.வி.ராவ் 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். 1984இல் உடுமலைப்பேட்டையில் சுகுணா பிறந்தது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தர, கொட்டகையும் உழைப்பும் விவசாயி தரும் ஒப்பந்த முறை அங்கிருந்து பரவியது. இன்று தமிழ்நாட்டின் கறிக்கோழி விலையைப் பல்லடம் தீர்மானிக்கிறது. அந்தக் கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்கு ஹார்மோன் ஊசி காரணம் என்ற பேச்சு தவறு. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதும் தீவனக் கணக்கும்தான் காரணம். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனத்தில் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு இனம் 905 கிராம், 2005ஆம் ஆண்டு இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் இந்த வேறுபாடு முழுவதும் இனத்தில் இருக்கிறது. இவ்வளவு வேகத்துக்கு நெஞ்சுச் சதை விலை கொடுக்கிறது: வெள்ளை வரி ஓடிய சதை, கட்டைபோல் இறுகிய சதை ஆகிய குறைகள் வேகமாக வளரும் இனங்களில்தான் மிகுதி.

ஆன்டிபயாடிக் பற்றிய கவலைக்கு மட்டும் வலுவான அடிப்படை உண்டு. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லிப் பகுதியில் எடுத்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனித மருத்துவத்தின் கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. மேய்ச்சல் கோழியை நான் விரும்புவதற்குச் சுவைக்கு அடுத்தபடி இது ஒரு காரணம். பத்துப் பதினைந்து கோழிகள் பரந்து மேயும் இடத்தில் நாள்தோறும் மருந்து கலக்கும் தேவை எழுவதில்லை.

இனி உடற்கூறு. விடை அங்கேதான் இருக்கிறது. கோழியின் நெஞ்செலும்பு நடுவில் முகடு தட்டியிருக்கும். அதன் இரு பக்கமும் வெளியே பெரிய நெஞ்சுச் சதை. அது இறக்கையைக் கீழே அடிக்கும். அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எலும்போடு ஒட்டி, விரல்போல நீண்ட இன்னொரு சதை, பக்கத்துக்கு ஒன்று. அது இறக்கையை மேலே தூக்கும் சதை. மேலே தூக்க வேண்டிய சதை கீழே இருப்பதால், அதன் தசைநாண் தோள்பட்டை எலும்புகளின் நடுவே உள்ள துளை வழியாகப் போய் இறக்கையின் மேல்பக்கம் பிடித்திருக்கிறது. அந்தச் சதையின் ஒரு முனையில் வெள்ளையாகத் தெரியும் நார் அதுதான். கோழி நாளெல்லாம் பறப்பதில்லை. நாய் துரத்தினால் கூரைக்கு, பொழுது சாய்ந்தால் வேப்பமரக் கிளைக்கு. நொடிப்பொழுது வேலைக்கான வெண்சதை என்பதால் அதில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. காலோ விடிந்ததிலிருந்து மாலைவரை கிளறி நடக்கும். அங்கே கருஞ்சதை, அதைச் சுற்றிக் கொலாஜன் உறை. பறவைக்கு வயது ஏற ஏற அந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நீண்ட நேரம் ஈரச்சூட்டில் கிடந்தால் ஒழியக் கரையாது. நாட்டுக்கோழி குக்கரில் அத்தனை விசில் கேட்பது முக்கியமாகக் காலுக்கும் தொடைக்கும் கழுத்துக்கும். நெஞ்சுச் சதையை அவற்றோடு சேர்த்துப் போடும்போது, கால் வேகும் நேரத்துக்குள் நெஞ்சு சாறெல்லாம் இழந்து சக்கையாகிவிடுகிறது. நாட்டுக்கோழி நெஞ்சுக்கறி வறட்சி என்று பிள்ளைகள் ஒதுக்குவது இதனால்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. வயதான பெட்டையின் நெஞ்சும் மெல்ல வைக்கும். வாணலியில் விரைந்து சமைக்க ஏற்றது முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழி, அல்லது கூவத் தொடங்கிய இளஞ்சேவல். கால் செதில் வழவழப்பாக இருக்க வேண்டும், சேவலின் குதிமுள் மொட்டாகவே இருக்க வேண்டும், நெஞ்செலும்பின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்க வேண்டும். சந்தையில் பாட்டிமார்கள் கோழியைத் தலைகீழாகப் பிடித்து நெஞ்சைத் தடவிப் பார்ப்பதில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது.

அடுத்த விஷயத்தை நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அது. நாம் கோழியைக் கண்முன் அறுக்கச் சொல்லி, வெதுவெதுப்பு அடங்குமுன் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றுகிறோம். புத்தம் புதிது என்ற திருப்தி இருக்கலாம். சதைக்கு அது கெட்ட நேரம். உயிர் போனபின் தசையில் மிஞ்சிய ஆற்றல் தீர்ந்ததும் இழைகள் இறுகிக்கொள்கின்றன. கோழியில் இது முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தளர்கிறது. இறுகும் நேரத்தில் நெஞ்சுச் சதையை எலும்பிலிருந்து பிரித்தால், பிடிக்க எலும்பு இல்லாததால் அது இன்னும் சுருங்கி ரப்பராகிவிடும். உலகின் பெரிய கோழி ஆலைகள் உரித்த கோழியைக் குளிரில் நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்துவிட்டுத்தான் நெஞ்சைப் பிரிப்பது இதற்காகத்தான். வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நெஞ்சுக்கூட்டை எலும்போடு முழுதாக வாங்கிவந்து, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, மறுநாள் பிரித்தெடுக்க வேண்டும். வெளியே மேடையில் வைக்கக் கூடாது. நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரமே அதிகம். நாட்டுக்கோழி ரப்பர் என்று கைவிட்ட வீடுகளில் பாதிக்கு இந்த ஓர் இரவு போதும் என்று நான் நம்புகிறேன்.

இதற்குக் கறிக்கடைக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். நம் கடைகளில் பழக்கம், உரித்து மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டிய கோழியைக் கட்டையில் போட்டுச் சட்டியளவு துண்டாக வெட்டித் தருவது. நெஞ்செலும்பு நாலாக உடையும், உள்சதை எலும்புச் சில்லோடு கலந்துபோகும். அந்த வெட்டு குழம்புக்குச் சரியானது; அதை மாற்றச் சொல்லவில்லை. நெஞ்சுக்கூட்டை மட்டும் உடைக்காமல் தனியே வையுங்கள் அண்ணா என்று முன்னாலேயே சொன்னால் போதும். பிரித்தெடுப்பதை வீட்டிலேயே செய்யலாம். முகடு எலும்பை ஒட்டிக் கத்தியின் நுனியால் கீறி, விரலால் தள்ளினால் பெரிய சதை கழன்றுவரும். அதன் அடியில் நீளச் சதை தானே பிரியும். வெள்ளை நாரின் முனையை ஒரு துணியால் பிடித்துக்கொண்டு கத்தியின் முதுகால் சதையைத் தள்ளினால் நார் தனியே வந்துவிடும். எஞ்சிய எலும்புக்கூட்டை எறியக் கூடாது.

ஞாயிறு வாங்கிய கோழியின் நெஞ்சைப் புதன்வரை ஃப்ரிட்ஜில் பச்சையாக வைப்பது சரியல்ல. பச்சைக் கோழிக்கறிக்கு ஒன்றிரண்டு நாள்தான் கணக்கு. திங்களன்று பிரித்து, விரல் தடிப்பில் நறுக்கி, தட்டையாகப் பரப்பிக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, செவ்வாய் இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கினால் புதன் மாலை பதமாக இருக்கும். உருண்டையாகக் கட்டினால் நடுப்பகுதி உருகாமல் நின்றுவிடும்.

இப்போது சமையல். ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழியில் உள்நீளச் சதை இரண்டும் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட நிறையாது. வெளி நெஞ்சையும் சேர்த்தால்தான் நால்வர் கொண்ட வீட்டுக்கு ஒரு தொடுகறி தேறும். ஆகவே கறியை நடுவில் வைத்துச் சோற்றைப் பக்கத்தில் வைக்கும் சமையல் இதற்கு ஒத்துவராது. சோறோ தோசையோ நடுவில் இருக்க, கறி அதற்குச் சுவையூட்ட வேண்டும். நம் சமையலின் இயல்பும் அதுவே.

மிளகு வறுவல் எல்லாவற்றிலும் எளிது. நறுக்கிய சதையில் உப்பும் மஞ்சளும் பிசிறி இருபது நிமிடம் விட வேண்டும். உப்பு சதையின் புரதத்தைக் கொஞ்சம் இளக்குவதால் சூட்டில் நீர் விடுவது குறையும். அந்த நேரத்தில் சின்ன வெங்காயம் உரித்து, மிளகும் சீரகமும் சோம்பும் வறுத்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளலாம். இரும்பு வாணலியில் மல்லாட்டை எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் சதையைப் பாதி பாதியாகப் போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் வாணலி சூடிழந்து கறி தன் நீரிலேயே வேகும். இரண்டு நிமிடம் ஒரு பக்கம், ஒன்றரை நிமிடம் மறுபக்கம், எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மசாலா தூவி, கறியைத் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம் புரட்டினால் முடிந்தது. தண்ணீர் தெளிக்கவே கூடாது. துண்டைப் பிட்டால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. வெப்பமானி உள்ளவர்கள் 74 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சாறு குறைகிறது.

ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளிபாளையம் கோழி இந்தச் சதைக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. மசாலாத் தூள் எதுவும் இல்லை. விதை தட்டிய காய்ந்த மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில், அவ்வளவுதான். எலும்போடு செய்யும்போது தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். நெஞ்சுச் சதையில் செய்யும்போது வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் முழுதாக வதங்கியபின் கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கறியைச் சேர்த்தால் போதும். ரசம் சோற்றுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

ஆனால் புதன் இரவுக்கு என் முதல் தேர்வு கறிதோசை. நம் வீடுகளில் அவசரச் சாப்பாடு என்றாலே மாவு இருக்கும் பாத்திரத்தைத் திறப்பதுதான். அதை ஒட்டித்தான் எதையும் யோசிக்க வேண்டும். மதுரைக் கடைகளில் ஆட்டுக்கறியில் செய்வதைக் கோழி நெஞ்சில் செய்யலாம். சதையைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள், கொஞ்சம் தக்காளியோடு ஐந்தாறு நிமிடம் வதக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தடியாக ஊற்றிய தோசைமேல் ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, அதன்மேல் கறியை இட்டு, மூடி வேகவிட்டுத் திருப்பிப் போட வேண்டும். ஒரு கோழியின் நெஞ்சு நால்வருக்கும் வரும், பிள்ளைகள் எலும்பு என்று முகம் சுளிக்க இடமில்லை, கால்மணி நேரத்தில் முதல் தோசை தட்டில் இருக்கும்.

பக்கோடா கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. நீளச் சதையை அப்படியே தயிர், இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீர் மிளகாய்த்தூளில் ஊறவைத்து, அரிசி மாவும் முட்டையும் புரட்டிப் பொரிக்கலாம். சென்னை புகாரி ஓட்டல் 1965இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் 65இன் வீட்டு உறவினர் இது. சிவப்புச் சாயம் தேவையில்லை. கோழிக் கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்ததை வண்டிக்கடை பக்கோடா வாங்கும் பெற்றோர் நினைவில் வைப்பது நல்லது. எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் சதையைக் கொதித்து அடங்கிய நீரில் போட்டு, மூடி, மிகச் சிறு தணலில் பன்னிரண்டு நிமிடம் வைத்துப் பிய்த்துக்கொள்ளலாம். தாளித்துச் சோற்றில் கிளறினால் பிச்சுப்போட்ட கோழிச் சாதம்.

மிச்சமுள்ள கறியும் எலும்பும் எங்கே போகின்றன என்பதும் இந்தச் சமையலின் பகுதி. காலும் தொடையும் இறக்கையும் கழுத்தும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பாகிவிடும். அதில் நெஞ்சு இல்லாதது யாருக்கும் தெரியாது, களிக்கு அந்தச் சாறுதான் வேண்டும். நெஞ்சுக்கூட்டு எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டால் ரசம். ஈரல் அன்றைக்கே சமைக்க வேண்டியது, சில நிமிட வேலை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நெஞ்சுச் சதையில் புரதம் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்குமேல் இருக்கும், இரும்புச்சத்தோ சொற்பம். இரும்பு ஈரலில் இருக்கிறது. நம் வீடுகளில் அந்த ஈரல் பெரும்பாலும் ஆண் தட்டுக்கோ கடைக்குட்டிக்கோ போகிறது. சமைக்கும் பெண்ணின் தட்டுக்கு அது போக வேண்டும்.

நாட்டுக்கோழி மருந்து என்ற பேச்சையும் அளவோடு வைக்க வேண்டும். பிராய்லரைவிடக் கொழுப்புக் குறைவு, சதை இறுக்கம், மணம் கூடுதல். புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கிருமி விஷயத்தில் எந்தச் சலுகையும் இல்லை. சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் மேய்ச்சல் கோழியின் குடலிலும் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கறியை அலசும்போது தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் கிருமியைக் கொண்டுபோகிறது என்று பல நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைகள் எச்சரிக்கின்றன. மஞ்சள் போட்டு அலசாமல் கறியை அடுப்பில் வைக்க நம் கை வராது. அலசினால் அகலப் பாத்திரத்தில், தெறிக்காமல், தொட்டியைப் பிறகு சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கடைசியாகச் சந்தை. நாட்டுக்கோழி பிராய்லரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை போகிறது. விலை இருக்குமிடத்தில் போலியும் வரும். பண்ணைக் கொட்டகையில் அடைத்து, தீவனம் போட்டு, மூன்று மாதத்தில் எடை ஏற்றிய கலப்பினப் பறவை நாட்டுக்கோழி என்ற பெயரில் கடையில் தொங்குகிறது. அது கெட்ட கறி அல்ல, வேகவும் குறைந்த நேரம்தான் எடுக்கும், ஆனால் மேய்ச்சல் கோழியின் விலைக்கு அதை விற்பது நேர்மையல்ல. பிரான்ஸ் இதை வயதால் தீர்த்தது. அங்கே லேபல் ரூஷ் முத்திரை பெறும் கோழி மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், வெளியே மேய வேண்டும், குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும்; முதல் கோழிகளுக்கு அந்த முத்திரை 1965இல் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கருங்கோழி 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் பெருவிடைக்கும் சிறுவிடைக்கும் அப்படி ஒரு காவல் வேண்டும். அதுவரை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எத்தனை மாதம், எங்கே மேய்ந்தது.

மென்சதைப் பொட்டலம் நமக்குச் சரிவராது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இந்தச் சந்தையில்தான் இருக்கிறது. அரைக்கிலோ உள்நெஞ்சுச் சதைக்குப் பத்து நாட்டுக்கோழிகளுக்குமேல் வேண்டும். மிச்சக் கறிக்குத் தனியே ஆள் தேட வேண்டும். குளிர்ப்பெட்டி, வண்டி, இடைத்தரகர் என்று செலவு ஏறும். வெளியே நாலு கோழி வளர்க்கும் பெண்மணி அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக, குறைந்த விலைக்கு விற்பவராக மாறிவிடுவார். முழுக்கோழியாக வாங்கினால் அவருக்கு முழு விலை கிடைக்கும். திருவண்ணாமலை போன்ற ஊரில், மாவட்டத்தின் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கோழி மேயும் கிராமம் வந்துவிடும். ஒரு தெருவில் மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, ஒரே கிராமத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவைத்தால், வளர்ப்பவர் வெடைக்கோழிகளாகப் பார்த்துப் பிடித்துவைப்பார். புரட்டாசிக்கும் தீபத்துக்கும் எந்த வாரங்களில் வேண்டாம் என்பது இரு தரப்புக்கும் முன்பே தெரியும். அந்த மாதங்களில் அடை வைத்தால் தைக்குப் பிறகு வரிசையாகக் கறிக்குத் தேறும்.